பெயர், ஊர், பாலினம்

தமிழ்நாட்டில் ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு பெரும்பாலும் புதுக்கோட்டை மாவட்டம் தச்சங்குறிச்சியில்தான் நடக்கும். வாடிவாசலில் மைக் பிடித்திருப்பவருக்கு மூச்சு விட நேரமிருக்காது. இன்ன ஊர், இன்னார் மாடு, பிடித்தால் அண்டா, கூடவே ஒரு சைக்கிள் என்று காளையின் பெருமை வரிசையாக வந்து விழும். மாடுபிடி வீரருக்கு அவ்வளவு நீளமான அறிமுகம் கிடையாது. “மஞ்சள் பனியன் இருபத்துநாலு, விடாத, விடாத!” என்பதோடு சரி. திமிலைப் பிடித்துக் குறித்த தூரம் போய்விட்டால் அந்த எண்ணுக்குரிய பெயரும் ஊரும் மைக்கில் வரும். பிடி நழுவிவிட்டால், எண்ணாக உள்ளே வந்தவர் எண்ணாகவே வெளியே போவார். 2019 ஜனவரியில் விராலிமலையில் உலக சாதனைக்காக நடத்தப்பட்ட ஜல்லிக்கட்டில் 1,300-க்கும் மேற்பட்ட காளைகள் அவிழ்த்துவிடப்பட்டன. 400-க்கும் மேற்பட்ட வீரர்கள் களமிறங்கினார்கள். அத்தனை பேரையும் பெயர் சொல்லி அழைக்க எந்த மைக்காலும் முடியாது.

களத்துக்கு வருமுன் அதே வீரரைப் பற்றி இன்னொரு குறிப்பு தாளில் ஏறியிருக்கும். வயதுச் சான்று, ஆதார், மருத்துவப் பரிசோதனை, உடல் தகுதி. முன்பெல்லாம் காளை உரிமையாளரின் பெயரோடு சாதியும் சேர்ந்தே மைக்கில் ஒலிக்கும். சாதிப் பெயரைச் சொல்லக் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட வேண்டியிருந்தது. ஆக, ஒருவரைப் பற்றி எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பது மைக் பிடிப்பவரின் நாக்கு வளத்தை மட்டும் பொறுத்த விஷயமில்லை. அதில் நீதி இருக்கிறது.

வீரர்களைப் பற்றிக் குறிப்பு எழுதுவதற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு தனிப் பண்பாடே உண்டு. 1859-இல் மெல்பர்னில் விதிகள் எழுதப்பட்டு, நீள்வட்ட மைதானத்தில் அணிக்குப் பதினெட்டுப் பேராக நீள்வட்டப் பந்தோடு ஆடப்படும் அவர்களுடைய கால்பந்தில், மாநில லீக் கழகங்கள் பலவும் பாதித் தொழில்முறைக் கழகங்கள். பகலில் மின்பணிக்கோ பள்ளிக்கோ போய்விட்டு மாலையில் பயிற்சிக்கு வருகிறவர்கள்தான் வீரர்கள். பருவம் தொடங்கும்போது கழகம் ஒவ்வொருவரைப் பற்றியும் சிறு குறிப்பு வெளியிடும்: சட்டை எண், உயரம், எடை, ஆடும் இடம், எந்த ஊர்க் கழகத்திலிருந்து வந்தவர். கடைசி வரியைத்தான் ரசிகர்கள் முதலில் தேடுவார்களாம். நம்ம ஊர்ப் பையனா என்று பார்க்கும் அதே கண்தான் அங்கும்.

ஐந்து வரியில் ஒரு மனிதர். அந்த வரிகளுக்குள் இருப்பது உண்மையில் யார்? விளையாட்டுக்கு இந்தக் கேள்வி புதிது. சமயங்களுக்கோ மிகப் பழையது. புதுக்கோட்டை மண்ணில் அது கல்லிலேயே பதிந்து கிடக்கிறது.

பொற்பனைக்கோட்டையில் கிடைத்த நடுகல் ஒன்று ஏறத்தாழ கி.பி. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கல்வெட்டறிஞர்கள் கருதுகிறார்கள். தமிழி எழுத்து. ஆநிரைப் பூசல் ஒன்றில் உயிர்விட்ட கணங்குமரன் என்பவனுக்காக நட்ட கல் அது. அவன் தாய் யார், எத்தனை வயதில் செத்தான், எதற்குச் சிரிப்பான் என்பதெல்லாம் கல்லில் இல்லை. மாட்டுக்காக நடந்த சண்டையில் நின்றான், விழுந்தான் என்ற ஒரு செய்தி மட்டும் பதினெட்டு நூற்றாண்டுகளைக் கடந்து வந்திருக்கிறது. எழுதியவர்கள் அவனைக் குறைக்கவில்லை. எந்தக் காரணத்துக்காக இந்தக் கல்லை நட்டோமோ அதை மட்டும் சொன்னார்கள்.

சித்தன்னவாசல் இன்னும் ஆழமானது. அறிவர் கோயிலின் தாமரைக்குள ஓவியத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறவர்கள், மலையின் மறுபுறம் உள்ள ஏழடிப்பட்டத்தைத் தவறவிட்டுவிடுகிறார்கள். பாறைச் சரிவில் வெட்டிய படிகளில் கால் வைத்து ஏறினால், இயற்கையான குகைத்தளத்துக்குள் வழவழவென்று தேய்த்த கற்படுக்கைகள். தலைமாட்டில் கல்லையே சற்று உயர்த்திவிட்டிருக்கிறார்கள், அதுதான் தலையணை. ஒரு படுக்கையின் ஓரத்தில் கிறிஸ்துவுக்கு முந்தைய காலத்தது எனச் சொல்லப்படும் தமிழிக் கல்வெட்டு. எருமை நாட்டுக் குமிழூரில் பிறந்த காவுதி ஈதன் என்பவருக்காக இளயர் என்பவர் செய்வித்த இருக்கை இது என்பது அதன் பொருள் என்று படித்திருக்கிறார்கள். எருமை நாடு இன்றைய மைசூர்ப் பக்கம் என்பது அறிஞர் சிலர் கருத்து. பிற்காலத்தில் இங்கே தவமிருந்த திருநீலன், திருப்பூரணன் முதலானோரின் பெயர்களும் மற்றப் படுக்கைகளருகே வெட்டப்பட்டிருக்கின்றன.

வீடு, உறவு, உடைமை அனைத்தையும் துறந்து பாறையில் படுக்க வந்தவருக்கும் பிறந்த ஊர் விடவில்லை. எந்த ஊரிலிருந்து வந்தவர் என்ற ஆஸ்திரேலியக் குறிப்பின் கடைசி வரி, இங்கே முதல் வரியாக நிற்கிறது.

இதைப் பெருங்குறையாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் படுக்கைகளில் கிடந்த சமணத் துறவியரின் மரபுதான், ஒரு மனிதரைப் பற்றியோ பொருளைப் பற்றியோ ஒரு வாக்கியம் எவ்வளவு சொல்ல முடியும் என்பதை இந்திய மண்ணில் மிக நுணுக்கமாக ஆராய்ந்தது. அநேகாந்தம் என்பது அவர்களுடைய அடிப்படைக் கொள்கை. எந்தப் பொருளுக்கும் எண்ணிலடங்காத தன்மைகள் உண்டு. ஒரு கூற்று ஒரு கோணத்திலிருந்து ஒரு தன்மையைத்தான் தொட முடியும். ஆகவே ‘ஒரு வகையில்’ என்ற நிபந்தனையோடுதான் எதையும் சொல்ல வேண்டும் என்று வகுத்து, கூற்றுகளை ஏழு வகையாகப் பிரித்தார்கள். இதைச் சந்தேகவாதம் என்று மற்றச் சமயத்தார் கேலி செய்ததுண்டு. அது நியாயமில்லை. ஒரு கோணத்திலிருந்து சொன்னது, அந்தக் கோணத்தில் முழு உண்மை என்பதுதான் அவர்கள் வாதம். மற்றக் கோணங்கள் எல்லாம் பொய், நான் ஒருவனே மெய் என்று ஒரு கோணம் எழுந்து நிற்கும்போதுதான் அதைத் துர்நயம் என்று ஒதுக்கினார்கள்.

வாடிவாசலுக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். விழாக் குழுவுக்கு அவர் மஞ்சள் பனியன் இருபத்துநாலு. மருத்துவருக்கு ஓர் இரத்த அழுத்த அளவு. வாசலில் கும்பிட்டுக்கொண்டு நிற்கும் அம்மாவுக்கு, இந்த வருஷத்தோடு விட்டுவிடுகிறேன் என்று சத்தியம் செய்துவிட்டு மறுபடியும் போன பிள்ளை. மூன்றும் உண்மை. ஒன்று இன்னொன்றின் இடத்தில் போய் உட்காராதவரை யாருக்கும் கேடில்லை.

கேடு எப்படி வரும் என்பதற்கும் இதே மாவட்டத்தில் சாட்சி இருக்கிறது.

கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன் செங்கல் சூளைத் தொழிலாளர் வீட்டு மூத்த பெண். பெற்றோர் வேலைக்காக வெளியூர் போய்விடும் நாட்களில் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டவர். ஓட்டக்காரரான தாத்தாதான் பதின்மூன்று வயதில் அவருக்கு ஓடக் கற்றுக்கொடுத்து, ஒரு ஜோடி ஷூவும் வாங்கித் தந்தார். எட்டாம் வகுப்பில் முதல் கோப்பை. ஓட்டம்தான் அவருக்குப் பள்ளிச் சேர்க்கையையும் மூன்று வேளைச் சோற்றையும் புதுக்கோட்டைக் கல்லூரியில் இடத்தையும் வாங்கித் தந்தது. 2005-இல் தென்கொரியாவின் இஞ்சியோனில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி. 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில், பஹ்ரைனின் மரியம் யூசுப் ஜமாலுக்கு அடுத்தபடியாக 2 நிமிடம் 3.16 விநாடியில் மீண்டும் வெள்ளி. மூன்றாவதாக வந்த கஜகஸ்தான் வீராங்கனைக்கும் அவருக்கும் இடைவெளி ஒரு விநாடியில் நூறில் மூன்று பங்கு.

அன்றைக்கு அவரைப் பற்றிக் குறிப்பு எழுதியிருந்தால் எத்தனை வரிகள் வந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். சூளை, தாத்தா, ஷூ, புதுக்கோட்டைக் கல்லூரி, இஞ்சியோன், தோஹா. பந்தயத்துக்குப் பிறகு அவர் பாலினப் பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்டார். சில நாட்களில் அதில் தேறவில்லை என்ற செய்தி உலகெங்கும் பரவியது. பதக்கம் பறிக்கப்பட்டது. அத்தனை வரிகளும் அழிந்து ஒரே வரி மிஞ்சியது. பெண்ணாகப் பிறந்து, பெண்ணாக வளர்ந்து, பள்ளிச் சான்றிதழ் முதல் எல்லாத் தாளிலும் பெண்ணாக இருந்தவரை, ஒரு மருத்துவ அறிக்கையின் பெயரால் ஊரும் உலகமும் ‘நீ யார்’ என்று கேட்டன.

இதைத்தான் சமணர் துர்நயம் என்று சொல்லியிருப்பார்கள். அறிக்கை பொய்யென்று வாதிட வேண்டிய அவசியமில்லை. இன்ன பந்தயத்தில் ஓடலாமா என்ற கேள்விக்கு விடையாக வந்த ஒன்று, இவர் யார் என்ற கேள்விக்கு விடையாக உயர்த்தப்பட்டது. மூடிய அறையில் அவரிடம் மட்டும் பக்குவமாகச் சொல்லியிருக்க வேண்டியது, தொலைக்காட்சியின் அடிவரியில் ஓடியது. வாழ்வே வேண்டாம் என்ற முடிவுக்குப் போய் மீண்டு வந்தார் சாந்தி. அன்றைய முதல்வர் மு. கருணாநிதியின் அரசு மட்டும் பின்வாங்காமல் 15 லட்சம் ரூபாய் பரிசைக் கொடுத்தது. அந்தப் பணத்தைப் புதுக்கோட்டையில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுக்கச் செலவழித்தார். பிறகு கையில் காசில்லாமல் மறுபடியும் செங்கல் சூளையில் தினக்கூலி வேலை. அதன் பின்னர் பெங்களூருவில் பயிற்றுநர் பட்டயம். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் தடகளப் பயிற்றுநர் பணி. பதக்கம் மட்டும் இன்றுவரை திரும்பவில்லை.

நம் கோயில்களில் உமையொருபாகனைக் கும்பிடுகிறோமே, நமக்கு இதெல்லாம் புதிதா என்று சிலர் பெருமையோடு கேட்பதுண்டு. கும்பிட்ட ஊரில்தான் இது நடந்தது. கருவறையில் வைத்து வணங்கும் ஒரு தத்துவம், பக்கத்துத் தெருப் பெண்ணின் மானத்தைக் காக்கத் தானாக வந்துவிடாது. மனிதர்கள்தான் அதைச் சுமந்து வர வேண்டும். 2006-இல் சுமந்து வந்தவர்கள் மிகச் சிலர்.

சமணத்தையும் இந்த விஷயத்தில் குற்றமற்றதாகக் காட்டிவிட முடியாது. எல்லாக் கோணத்துக்கும் இடம் கொடுத்த அதே மரபு, பெண்ணுடலில் இருப்பவருக்கு அந்தப் பிறவியிலேயே வீடுபேறு உண்டா என்று நூற்றாண்டுக் கணக்கில் வழக்காடியது. தமிழகத்தில் வேரூன்றிய திகம்பரப் பிரிவினர், ஆடையையும் துறந்தால்தான் முழுத் துறவு, பெண்ணுக்கு அது இயலாது, ஆகவே ஆணாகப் பிறந்துதான் வீடடைய வேண்டும் என்றார்கள். மற்றப் பெரும்பிரிவினரான சுவேதாம்பரர் மறுத்தார்கள். யாபனீயப் பிரிவைச் சேர்ந்த சாகடாயனர் 9-ஆம் நூற்றாண்டில் பெண்களுக்கும் வீடு உண்டென்று நிறுவத் தனி நூலே எழுதினார். பத்தொன்பதாம் தீர்த்தங்கரர் விஷயத்தில் இந்தப் பிளவு உச்சத்துக்குப் போகிறது. திகம்பரருக்கு மல்லிநாதர் ஆண். சுவேதாம்பரருக்கு மல்லி ஒரு பெண், அரசகுமாரி. ஒரே தீர்த்தங்கரர், ஒரே மெய்ஞ்ஞானம், பாலினம் என்ற ஒரு வரியில் மட்டும் இரண்டு குறிப்பு.

ஆனால் அந்த நீண்ட வழக்கில் இரு தரப்பாரும் ஒப்புக்கொண்ட செய்திகள் உண்டு. உடலின் அடையாளம் வேறு, உள்ளத்தின் நாட்டம் வேறு. இரண்டும் எப்போதும் ஒத்துப்போக வேண்டியதில்லை. ஆண், பெண், இரண்டிலும் அடங்காதவர் என மூன்று நிலைகளை இரண்டு தளத்திலும் வைத்து எண்ணினார்கள். இவை எல்லாம் வினையால் வருவன என்றும், உயிருக்குத் தன்னளவில் பாலே இல்லை என்றும் இரு சாராரும் ஏற்றார்கள். மடத்து விதியில் தோற்ற இடத்திலும் தத்துவத்தில் அவர்கள் தெளிவாக இருந்தார்கள். இன்றைய விளையாட்டு ஆணையங்கள் இன்னும் எட்டாத தெளிவு அது.

ஆணையங்கள் தடுமாறிய வரலாறு நீளமானது. 1966-இல் புடாபெஸ்டில் நடந்த ஐரோப்பியத் தடகளப் போட்டியில் வீராங்கனைகள் மருத்துவர்கள் முன் உடையின்றி நிறுத்தப்பட்டார்கள். 1968 முதல் ஒலிம்பிக்கில் குரோமோசோம் சோதனை. 1985-இல் ஜப்பானின் கோபே நகரில் ஸ்பெயினின் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோஸே மார்ட்டினெஸ் பட்டினோ அந்தச் சோதனையில் சிக்கினார். செய்தி வெளியே கசிந்ததும் உதவித்தொகையும் சாதனைகளும் போயின. அவர் உடல் ஆண் ஹார்மோனான ஆண்ட்ரோஜனுக்கு வினையாற்றாது, ஆகவே சோதனையில் தெரிந்த ஒய் குரோமோசோமால் அவருக்கு எந்த அனுகூலமும் இல்லை என்று நிறுவி, 1988-இல் தடையை நீக்க வைத்தார். எல்லாப் பெண்களுக்கும் கட்டாயச் சோதனை என்ற முறையை சிட்னி ஒலிம்பிக்குக்கு முன் 1999-இல் கைவிட்டார்கள். அதற்குப் பிறகும் சந்தேகப்பட்டவரை மட்டும் சோதிக்கும் வழக்கம் நீடித்தது. தோஹாவில் சாந்தி அதில்தான் சிக்கினார். ஹார்மோன் அளவைக் காட்டி 2014-இல் தடுக்கப்பட்ட ஒடிசாவின் ஓட்ட வீராங்கனை துத்தி சந்த் சும்மா இருக்கவில்லை. 2015-இல் விளையாட்டு நடுவர் மன்றத்தில் அந்த விதியையே நிறுத்தி வைக்கச் செய்தார். சாந்திக்கு அப்படி வழக்காட வழிகாட்ட 2006-இல் யாரும் இல்லை என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பெண்களுக்கெனத் தனிப் பந்தயம் இருப்பது தேவையான ஏற்பாடு. அது இல்லாவிட்டால் 800 மீட்டர் இறுதிப் போட்டியில் பெண்கள் யாரும் இருக்க மாட்டார்கள். தனிப் பந்தயம் என்றால் எல்லைக்கோடு வேண்டும். கோட்டருகே நிற்பவர்களுக்கு அது வலிக்கத்தான் செய்யும். தென்னாப்பிரிக்க ஓட்ட வீராங்கனை காஸ்டர் செமன்யா வழக்கில் 2019-இல் நடுவர் மன்றம், ஹார்மோன் அளவுக்கு வரம்பு வைக்கும் விதி பாகுபாடானதுதான், ஆனாலும் அவசியமானது என்று பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. அதை ஏற்காதவர்களும் அந்தத் தீர்ப்பில் ஒரு நாணயம் இருப்பதை ஒப்புக்கொள்ளலாம். பாகுபாட்டைப் பாகுபாடு என்று வெளிப்படையாகச் சொன்னது அது.

2025 செப்டம்பர் 1 முதல் பெண்கள் பிரிவில் உலகத் தரவரிசைப் போட்டிகளுக்கு வரும் ஒவ்வொருவரும் ஒருமுறை, ஆண்பால் வளர்ச்சியைத் தொடங்கிவைக்கும் எஸ்.ஆர்.ஒய். மரபணு இருக்கிறதா என்ற சோதனை செய்துகொள்ள வேண்டும் என்று உலகத் தடகள அமைப்பு விதித்திருக்கிறது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தடவி எடுத்தால் போதும். முடிவு ‘உண்டு’ அல்லது ‘இல்லை’. அந்த மரபணுவை 1990-இல் கண்டறிந்த விஞ்ஞானிகளில் முதன்மையானவர் ஆண்ட்ரூ சின்க்ளேர். இப்போது மெல்பர்னில் இருக்கிறார். அவரே முன்வந்து இந்தப் பயன்பாட்டை எதிர்த்து எழுதினார். மரபணு இருக்கிறதா என்பதை மட்டுமே சோதனை சொல்லும். அது வேலை செய்கிறதா, ஹார்மோன் சுரக்கிறதா, உடல் அதை ஏற்கிறதா என்பதையெல்லாம் சொல்லாது என்பது அவர் வாதம். ஆண்ட்ரோஜனை முற்றிலும் ஏற்காத உடலினருக்கு அந்த விதியே விலக்கும் கொடுத்திருக்கிறது. ஒரே வரியில் முடித்துவிடலாம் என்று தொடங்கியவர்களே இரண்டாவது வரியை எழுத வேண்டி வந்துவிட்டது. ஏழடிப்பட்டத்தில் படுத்திருந்தவர்களுக்கு இதில் வியப்பு இருந்திருக்காது.

ஆகவே, வீரர் குறிப்பில் இருப்பது யார் என்ற கேள்விக்கு ஒரு விடை உண்டு. எதற்காக எழுதப்பட்டதோ அந்தக் காரியத்துக்கு உரியவர் அதில் இருக்கிறார், அவ்வளவுதான் இருக்கிறார். கணங்குமரனுக்குக் கல் நட்டவர்கள் அந்த அளவை அறிந்திருந்தார்கள். காவுதி ஈதனுக்குப் படுக்கை வெட்டியவர்களும் அறிந்திருந்தார்கள். ஆசிய ஒலிம்பிக் கவுன்சிலும் இந்திய ஒலிம்பிக் சங்கமும் 2006-இல் அந்த அளவைத் தாண்டிவிட்டன.

ஆண்டுதோறும் புதுக்கோட்டைப் பள்ளிகளில் விளையாட்டு விழா நடக்கிறது. கபடிக் குழுக்கள் பேனர் அடிக்கின்றன. ஜல்லிக்கட்டுக்குப் பெயர்ப் பதிவு நடக்கிறது. எல்லா இடத்திலும் யாரோ ஒரு உடற்கல்வி ஆசிரியரோ விழாக் குழுச் செயலாளரோ உட்கார்ந்து பிள்ளைகளைப் பற்றி நாலு வரி எழுதுகிறார். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். எழுதியதை அச்சுக்கு அனுப்புமுன் அந்தப் பிள்ளையிடம் ஒருமுறை படித்துக் காட்டுங்கள். சேர்க்கச் சொன்னதைச் சேருங்கள், வேண்டாமென்றதை எடுத்துவிடுங்கள். மருத்துவத் தாளில் உள்ளது எதுவும் மருத்துவத் தாளை விட்டு வெளியே வர வேண்டாம். அரசிடமும் ஒரு வேண்டுகோள்: சாந்தியின் வெள்ளிப் பதக்கத்தைத் திரும்பக் கொடுங்கள் என்று தமிழக அரசு ஆசிய ஒலிம்பிக் கவுன்சிலிடம் முறைப்படி கேட்க வேண்டும். இந்திய ஒலிம்பிக் சங்கம் உடன் நிற்க வேண்டும். பட்டினோவுக்கு மூன்று ஆண்டுகளில் கிடைத்த நியாயத்துக்காக, கத்தக்குறிச்சிப் பெண் 2006-லிருந்து காத்திருக்கிறார்.